படுக்கையா, முகவரியா?

கேள்வி: மதுரை பெரியார் பேருந்து நிலையத்தைச் சுற்றி இரவில் அட்டை விரித்துப் படுப்பவர்களைப் பார்க்கிறேன். பின்லாந்தில் இப்படி யாருமே இல்லையாமே, பணக்கார நாடு என்பதாலா?
– வாசகர், செல்லூர்

பதில்: பணம்தான் காரணமென்றால் அமெரிக்காவில் யாருமே தெருவில் படுக்கக் கூடாது. 2024 ஜனவரியில் ஓர் இரவு எடுத்த கணக்கில், காப்பகங்களில் இருப்போரையும் சேர்த்து, அங்கே வீடற்றவர்கள் 7,71,480 பேர். அங்கே வாடகை உதவி உரிமையல்ல. ஒதுக்கிய தொகை தீர்ந்தால் வரிசையில் நிற்க வேண்டியதுதான். தகுதியுள்ள குடும்பங்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கே கிடைக்கிறது.

பிரிட்டன் 1977-லேயே வீடற்றவருக்கு வீடு தேடித் தருவதை உள்ளாட்சிகளின் சட்டக் கடமை ஆக்கியது. ஆனால் பிள்ளைகுட்டி உள்ளவர், கர்ப்பிணி, நலிந்தவர் என்று முன்னுரிமை வைத்ததில், தெம்பாக இருக்கும் தனி ஆள் விடுபட்டுப்போனார். ஸ்காட்லாந்து மட்டும் 2012 கடைசியில் அந்த வடிகட்டலை எடுத்துவிட்டது.

பின்லாந்தில் குறைந்த வருமானக்காரருக்கு வீட்டு வாடகைப் படி சட்டப்படி உண்டு. அதன் மேல்தான் 2008-ல் ‘முதலில் வீடு’ திட்டம் வந்தது. குடியை விட்ட பிறகு வீடு என்ற நிபந்தனை கிடையாது. முதலிலேயே அவர் பெயரில் வாடகை ஒப்பந்தம், சிகிச்சையும் துணையும் அதற்குப் பிறகு. ஹெல்சிங்கியில் 250 படுக்கைகள் இருந்த விடுதி ஒன்றை 80 தனி வீடுகளாக மாற்றினார்கள். 1987-ல் 18,000 அளவில் இருந்த வீடற்றவர் எண்ணிக்கை 2023-ல் 3,500-க்குக் கீழே இறங்கியது. உறவினர், நண்பர் வீட்டில் ஒண்டியிருப்பவரும் அதில் சேர்த்தி. நம் 2011 கணக்கெடுப்பு பிப்ரவரி 28 இரவில் வெளியில் படுத்திருந்தவர்களை எண்ணியதே 17.7 லட்சம். அத்தை வீட்டுத் திண்ணையில் காலம் தள்ளுபவர் அதில் வரமாட்டார்.

நம் விதிப்படி நகரங்களில் 1 லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், ஆளுக்கு 50 சதுர அடி. மதுரை மாநகர் 2011-லேயே 10 லட்சத்தைத் தாண்டியது, குறைந்தது பத்துக் காப்பகங்கள் வேண்டும். இடமும் முக்கியம். மாட்டுத்தாவணியில் விடியுமுன் மூட்டை இறக்குபவர், மார்க்கெட்டுக்குத் தொலைவில் இருக்கும் காப்பகத்துக்கு வரமாட்டார். அதைவிடப் பெரிய சிக்கல், ரேஷனிலிருந்து ஓய்வூதியம் வரை இங்கே எல்லாமே முகவரி கேட்கும். எது அதிகம் தேவையோ அது இல்லாதவரைத்தான் நம் அமைப்பு வெளியே நிறுத்துகிறது.

கேள்வி: சித்திரை வீதிப் பக்கம் ஒரு பாட்டி படுத்திருக்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகி, ஆரப்பாளையம்

பதில்: முதலில் அவரிடமே சம்மதம் கேளுங்கள். பிறகு மாநகராட்சி அலுவலகத்தில் கேட்டுப் பெண்களுக்கான காப்பகத்தில் சேர்த்துவிடுங்கள். அங்கீகரித்த காப்பகத்தின் பொறுப்பாளர் உரிய படிவத்தில் தரும் சான்று ஆதாருக்கு முகவரி ஆகும். பலர் தவறுவது இங்கேதான்: பாட்டிக்குப் பழைய ஆதார் இருந்தால் புதுப் பதிவு தள்ளுபடியாகும். ஆதார் மையத்தில் கைரேகை வைத்துப் பழைய எண்ணைத் தேடி, முகவரியை மட்டும் மாற்றுங்கள். பாத்திரம் தேய்த்தே ரேகை அழிந்திருந்தால் கருவிழிப் பதிவைக் கேளுங்கள். அடுத்து அவர் பெயரில் வங்கிக் கணக்கு. 60 வயது நிறைந்த ஆதரவற்றவர் என்றால் இ-சேவை மையத்தில் முதியோர் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பியுங்கள். 2023-ல் அது மாதம் ரூ.1,200 ஆனது. ஒப்புகைச் சீட்டை நகல் எடுத்து ஒன்றைக் காப்பகத்தில் கொடுத்து வையுங்கள். பாட்டியின் துணிப்பை காணாமல் போனாலும் விண்ணப்ப எண் கையில் இருக்கும்.