பென்னிகுவிக்கின் முன்னோர்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் கம்பம் பக்கம். முல்லைப்பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக் படம் வீட்டில் சாமி படங்களோடு இருக்கிறது. அவர் ஸ்காட்லாந்தில் பெனிகுயிக் என்ற ஊரை ஆண்ட பிரபு வம்சம் என்கிறார் நண்பர் ஒருவர். உண்மையா? அவருடைய முன்னோரை நாமே தேடிப்பார்க்க முடியுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எடின்பரோவுக்குத் தெற்கே அப்படி ஓர் ஊர் இருக்கிறது. ஆனால் ஊர்ப்பெயரைக் குடும்பப்பெயராகக் கொண்டவர் எல்லாம் அந்த ஊர்ப் பிரபுவின் வாரிசு இல்லை. பிரபுவில் தொடங்கிக் கீழே வந்தால், நாம் ஆசைப்படுகிற ஆளிடம் எப்படியாவது வந்து சேர்ந்துவிடுவோம். தெரிந்த ஆளில் தொடங்கி, தலைமுறைக்கு ஓர் ஆவணமாவது கையில் வைத்துக்கொண்டு மேலே போக வேண்டும்.

ஜான் பென்னிகுவிக் 1841 ஜனவரி 15 அன்று புனேயில் பிறந்தார். தந்தை பெயரும் ஜான்தான். 24ஆம் காலாட்படையைச் சேர்ந்த பிரிகேடியர். தாய் சாரா. 1849 ஜனவரி 13 அன்று, பஞ்சாபின் சிலியன்வாலாவில் சீக்கியப் படையுடன் நடந்த போரில் தந்தை மாண்டார். அண்ணன் அலெக்சாண்டரும் அதே களத்தில், அதே நாளில் மாண்டான். அவனுக்கு வயது 17. தம்பி ஜானுக்கு எட்டு வயது நிறைய இரண்டே நாள் இருந்தது. தேனி மாவட்டத்தில் பொங்கல் வைத்துக் கொண்டாடுகிறோமே, அதே பிறந்தநாள். அணையைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம், இந்தப் பையனைப் பற்றியும் பேச வேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை.

சரி, தேடலுக்கு வருவோம். தந்தையின் 24ஆம் படை கிழக்கிந்தியக் கம்பெனியின் படை இல்லை, பிரிட்டிஷ் ராணியின் படை. அதனால் அவருடைய பணி விவரங்களை லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், போர்த்துறைக் கோப்புகளில் தேட வேண்டும். மகனோ கம்பெனியின் அடிஸ்கோம்ப் ராணுவக் கல்லூரியில் படித்து மெட்ராஸ் இன்ஜினியர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் சேர்ந்தவர். அவர் சம்பந்தப்பட்டவை பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் வரும். வங்காளம், பம்பாய், மெட்ராஸ் ஆகிய மூன்று மாகாணங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்களும் அங்கேதான் உள்ளன. புனே பம்பாய் மாகாணம் என்பதால் பம்பாய்த் தொகுதிகளைப் பாருங்கள். முல்லைப்பெரியாறை நினைத்துக்கொண்டு மெட்ராஸ் தொகுதிகளைப் புரட்டினால் அவருடைய பிறப்பு கிடைக்காது.

அப்புறம் தந்தைவழியில் மேலே போக ஸ்காட்லாந்தின் பழைய பாரிஷ் பதிவேடுகள், அதாவது ஊர்த் தேவாலயப் பதிவேடுகள், இருக்கின்றன. 'ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள்' அரசுத் தளத்தில் அவை கிடைக்கும். பக்கங்களைப் பார்க்கக் கட்டணம் உண்டு. அங்கே குழந்தையின் பதிவில் பெரும்பாலும் தாயின் பிறந்தவீட்டுப் பெயரும் இருக்கும். தலைமுறைதோறும் ஒரே பெயர் வைக்கிற குடும்பங்களில் எந்த ஜான் யார் என்று பிரித்தறிய அந்தப் பெயரைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

தாத்தாவின் பதிவு கிடைத்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். இங்கேயே வெளியிடுகிறேன்.