யார் சட்டையைப் பிடிக்கிறது?

வணக்கம் சார்,

எங்க ஆபீஸ்ல காசு கட்டி ஓட்டுற டேட்டாபேஸை விட்டுட்டு, ஓசியில கிடைக்கிற, கோடு திறந்து கிடக்கிற (ஓப்பன் சோர்ஸ்) போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு மாறலாம்னு ஒரு நோட் போட்டேன். மேனேஜர் ஒரே வரில முடிச்சுட்டார், "நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் சட்டையைப் பிடிக்கிறது?" கூடவே 2024-ல எக்ஸ்இசட்ங்கிற ஓப்பன் சோர்ஸ் ஃபைல் சுருக்குற சாஃப்ட்வேருக்குள்ள பேக்டோர், அதாவது திருட்டு வழி வச்ச கதையை எடுத்துப் போட்டு, "யார் எவர்னே தெரியாதவன் எழுதுற கோடு, இதையா நம்பச் சொல்றே"ன்னார். கோடு ஓப்பனா இருக்கு, எல்லாரும் பாக்கலாம், அதனால சேஃப்னு நான் சொன்ன பதில் எனக்கே நொண்டியடிச்சுது. நீங்க என்ன சொல்றீங்க? (பேர் போட வேண்டாம்.)

*

வணக்கம். பேரை எடுத்துட்டேன்.

உங்க மேனேஜர் கேட்டது நியாயமான கேள்விதான், ஆனா இப்ப அவர் கையில ஏதோ ஒரு சட்டை இருக்கிறதா நினைச்சுக்கிட்டு கேக்கறார் பாருங்க, அங்கதான் இடிக்குது. நீங்க காசு கட்டுற டேட்டாபேஸோட ஒப்பந்தத்தை எடுத்து, படிக்காமலே 'ஒத்துக்கறேன்'னு அமுக்கிட்டுப் போவோமே, அதுல பொறுப்பு பத்தி எழுதியிருக்கிற பத்தியைத் தேடிப் பாருங்க. எங்க சாஃப்ட்வேரால உங்களுக்கு நஷ்டம் வந்தா நாங்க பொறுப்பில்ல, மிஞ்சிப்போனா நீங்க கட்டின காசு வரைக்கும்தான்னு ஏறக்குறைய எல்லாக் கம்பெனியும் எழுதி வச்சிருக்கும். ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ்லயும் இதே சங்கதிதான், இருக்கிறது இருக்கிறபடி தர்றோம், உத்தரவாதம் கிடையாதுன்னு. ஒருத்தர் ஓசியில கைவிரிக்கிறார், இன்னொருத்தர் காசு வாங்கிக்கிட்டு கைவிரிக்கிறார்.

2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா? கிரவுட்ஸ்ட்ரைக்ங்கிற செக்யூரிட்டி சாஃப்ட்வேர் கம்பெனி அனுப்பின ஒரே ஒரு தப்பான அப்டேட்ல சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின் நீலத்திரையோட படுத்துச்சு. டெல்டா ஏர்லைன்ஸ் எங்களுக்கு 50 கோடி டாலர் போச்சுன்னு கேஸ் போட்டாங்க, கிரவுட்ஸ்ட்ரைக் தரப்போ ஒப்பந்தப்படி எங்க பொறுப்பு ஒரு கோடி டாலருக்குள்ளதான்னு சொன்னாங்க. டெல்டா சைஸ் கஸ்டமருக்கே இழுபறின்னா நீங்களும் நானும் எம்மாத்திரம்.

நானும் ஒரு தடவை சட்டையைப் பிடிக்கப் பாத்தவன்தான். காசு கட்டி வாங்கின ஒரு சாஃப்ட்வேர்ல மாசக் கடைசி ரிப்போர்ட்ல கூட்டுத்தொகை உதைக்குது. டிக்கெட் போட்டா ஒவ்வொரு நாளும் ஒரு புது ஆள் வந்து அதே லாக் ஃபைலைத் திரும்ப கேப்பார், ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களாம்பார். கடைசியா 'அடுத்த வெர்ஷன்ல சரியாயிடும்'னு சொல்லி டிக்கெட்டை மூடிட்டாங்க. தப்பு எங்க டேட்டாவுலயா அவங்க கணக்குலயான்னு நாங்களா தோண்டிப் பாக்கவும் வழியில்ல, உள்ள என்ன இருக்குன்னே காட்டமாட்டாங்களே.

இப்ப எக்ஸ்இசட்டுக்கு வருவோம். மேனேஜர் சொன்னது உண்மை, அது பயங்கரமான வேலைதான். சம்பளமில்லாம அந்த சாஃப்ட்வேரைப் பாத்துக்கிட்டிருந்தவரை, ஏன் லேட், வேற ஆளைச் சேருங்கன்னு சில பேர் மெயில்ல நச்சரிக்க, 'ஜியா டான்'ங்கிற பேர்ல ஒருத்தர் ரெண்டு வருஷத்துக்கு மேல ஒழுங்கா வேலை பாத்து நம்பிக்கை சம்பாதிச்சு ரிலீஸ் பண்ற உரிமை வரைக்கும் வாங்கி, 5.6.0, 5.6.1 வெர்ஷன்கள்ல பேக்டோரைச் சொருகிட்டார். அதுவும் எப்படி? கெட்ட சரக்கை டெஸ்ட் ஃபைலுக்குள்ள ஒளிச்சு வச்சு, அதைக் கிளப்பி விடுற ஸ்கிரிப்ட்டை கோடை எல்லாரும் பாக்கிற இடமான கிட்ல வைக்காம, டவுன்லோடு பண்றதுக்குக் கட்டி வைக்கிற டார் ஃபைல்ல மட்டும் வச்சார். அதனால 'எல்லாரும் பாக்கலாம்'ங்கிற உங்க வாதம் இங்க நிஜமாவே நொண்டிதான், பாக்கிற இடத்துல பாதி இல்லவே இல்ல.

பிடிச்சது யார் தெரியுமா? ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். வேலை மைக்ரோசாஃப்ட்ல, எழுதுறது உங்க மேனேஜர் வேண்டாம்ங்கிற அதே போஸ்ட்கிரெஸ் கோடு! வேற ஏதோ டெஸ்ட் பண்ணிக்கிட்டிருந்தவருக்கு எஸ்எஸ்ஹெச் லாகின் (தூரத்துல இருக்கிற கம்ப்யூட்டருக்குள்ள நுழையற வழி, பேக்டோர் குறிவச்சது இதைத்தான்) 0.3 செகண்டுல முடிய வேண்டியது 0.8 செகண்டு ஆகுதேன்னு உறுத்தியிருக்கு, விடாம நோண்டியிருக்கார். மார்ச் 29-ந் தேதி வெளிய சொன்னார், அன்னைக்கே லினக்ஸ் தர்ற டெபியனும் ரெட் ஹேட்டும் எச்சரிக்கை போட்டாங்க. அவர் கண்ணுல பட்டது அதிர்ஷ்டம், ஒத்துக்கறேன். ஆனா சந்தேகம் வந்த பிறகு யார்கிட்டயும் அனுமதி கேக்காம அடிவரைக்கும் பிரிச்சுப் பாக்க முடிஞ்சுது பாருங்க, அது அதிர்ஷ்டம் இல்ல. என் டிக்கெட் கதையில எனக்குக் கிடைக்காதது அதுதான்.

திறந்து கிடந்தாலே பாதுகாப்புன்னு நானும் சொல்லமாட்டேன். ஹார்ட்பிளீட் ஓட்டை 2014 ஏப்ரல்ல தெரியவந்தப்ப அது இணையத்துல போற தகவலைப் பூட்டி அனுப்புற ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேரான ஓப்பன்எஸ்எஸ்எல்-ல ரெண்டு வருஷமா இருந்துச்சு, உலகமே அதை நம்பி ஓடுது, அந்தத் திட்டத்துக்கு வருஷத்துக்கு வந்த நன்கொடை 2,000 டாலர் பக்கம். ஊர்ப் பொது கிணறு, தூர் வார மட்டும் ஆளில்ல. அதுக்காக காசு கட்டினா தப்பிச்சுடலாமா? நீங்க விலைக்கு வாங்குற பெட்டிக்குள்ளயும் இதே கோடுதான் இருக்கு, 2021 டிசம்பர்ல, புரோகிராம்ல நடக்கிறதைப் பதிவு பண்ற லாக்ஃபோர்ஜேங்கிற ஓப்பன் சோர்ஸ் கோடுல ஓட்டை வந்தப்ப சிஸ்கோ, விஎம்வேர்னு பெரிய கம்பெனிங்க எல்லாம் தங்களோட எந்தெந்தப் பொருள்ல அது இருக்குன்னு லிஸ்ட் போட வேண்டியதாச்சு.

ஒண்ணு மட்டும் மேனேஜர்கிட்ட மறைக்காம சொல்லிடுங்க, ஓப்பன் சோர்ஸ் எடுத்தா பொறுப்பு உங்க தலையில வரும். ஈக்விஃபேக்ஸ்ங்கிற அமெரிக்கக் கடன் விவரக் கம்பெனியில 2017-ல சுமார் 14.7 கோடி பேரோட விவரம் போச்சே, வெப்சைட் கட்ட உதவுற ஓப்பன் சோர்ஸ் கோடான அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ்ல இருந்த அந்த ஓட்டைக்கு மார்ச்லயே பேட்ச், அதாவது அதை அடைக்கிற அப்டேட் வந்துடுச்சு, இவங்க போடல, மே மாசம் உள்ள பூந்துட்டாங்க. போஸ்ட்கிரெஸ்ல ஒவ்வொரு பெரிய வெர்ஷனுக்கும் 5 வருஷம் அப்டேட் வரும், மூணு மாசத்துக்கு ஒருக்கா சின்ன ரிலீஸ் வரும். அந்த அறிவிப்பை யார் படிக்கிறது, எத்தனை நாளுக்குள்ள போடறது, அவர் லீவுன்னா யார் போடறதுன்னு உங்க நோட்ல ரெண்டு வரி சேருங்க. ஆள் பேரோட.

அதுக்கப்புறமும் வெளிய ஒரு சட்டை வேணும்னு அடம்பிடிச்சா, காசு வாங்கிக்கிட்டு போஸ்ட்கிரெஸ் சப்போர்ட் தர்ற கம்பெனிங்க நிறையவே இருக்கு, ராத்திரி ரெண்டு மணிக்கும் போனை எடுப்பாங்க. அவங்க ஒப்பந்தத்துலயும் 'நாங்க பொறுப்பில்ல'ங்கிற அந்தப் பத்தி இருக்கும், அதைப் படிச்சுட்டு கையெழுத்து போடச் சொல்லுங்க.