கர்த்தருக்கு விரோதமான ஞானமில்லை: கேள்வி பதில்

இந்த மாதத்துக்கு எடுத்துக்கொண்ட வசனம் நீதிமொழிகள் 21:30. "கர்த்தருக்கு விரோதமான ஞானமுமில்லை, புத்தியுமில்லை, ஆலோசனையுமில்லை." இதை ஒட்டி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். ஒரு வேண்டுகோள்: இன்னொருவர் வீட்டுத் துயரத்துக்கு "இதனால்தான் வந்தது" என்று இங்கே யாரும் காரணம் எழுத வேண்டாம்.

மன்னார்குடி சகோதரர்: ஐயா, எல்லாம் அவர் சித்தப்படிதான் என்றால் நாம் யோசித்துத் திட்டம் போடுவது எதற்கு?

நல்ல கேள்வி. 2 சாமுவேல் 15 முதல் 17 வரை ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள். தாவீது ராஜாவின் மகன் அப்சலோம் அவருக்கு எதிராகக் கலகம் செய்கிறான். தாவீதின் ஆலோசகன் அகித்தோப்பேல் அவனோடு சேர்ந்துவிட்டான். அவன் சொல்லும் யோசனை தேவனுடைய வாக்கைப் போல மதிக்கப்பட்ட காலம் அது. செய்தி கேட்டதும் தாவீது ஜெபிக்கிறார்: கர்த்தாவே, அவன் ஆலோசனையைப் பைத்தியமாக்கிவிடும். ஜெபித்துவிட்டுச் சும்மா இருந்தாரா? மலை உச்சியில் தன் நண்பன் ஊசாய் எதிரே வந்ததும், "நீ திரும்பிப் போய் அப்சலோமிடம் சேர்ந்துகொள், அங்கே நடப்பதை எனக்குச் சொல்லியனுப்பு" என்று ஆள், வழி எல்லாம் ஏற்பாடு செய்து அனுப்புகிறார்.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். அன்று ராத்திரியே பன்னிரண்டாயிரம் பேரோடு துரத்தித் தாவீதை மட்டும் வெட்டலாம் என்றான் அகித்தோப்பேல். போர்க் கணக்குப்படி அது சரியான யோசனை. வேதமே அதை நல்ல ஆலோசனை என்றுதான் சொல்கிறது. ஆனால் ஊசாய் அது வேண்டாம் என்று மாற்று யோசனை சொன்னான். அப்சலோமின் சபை ஊசாயின் பேச்சைக் கேட்டது, கர்த்தர் அப்படிக் கட்டளையிட்டார் என்கிறது 17:14. மட்டமான யோசனை தோற்றால் அதில் வியக்க ஒன்றுமில்லை. மிகச் சிறந்த புத்தியும் அவர் முன்னால் நிற்காது என்பதுதான் நம் வசனம். அடுத்த வசனத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: "குதிரை யுத்தநாளுக்கு ஆயத்தமாக்கப்படும், ஜெயமோ கர்த்தரால் வரும்." குதிரையை ஆயத்தம் பண்ண வேண்டாம் என்று அங்கே எழுதவில்லை.

கும்பகோணம் தம்பி: உலக முடிவு எந்த வருடம் ஐயா?

மத்தேயு 24:36. தூதர்களும் அறியார்கள். தேதி சொல்கிறவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள்.

திருத்துறைப்பூண்டி சகோதரர்: "காற்றைக் கவனிக்கிறவன் விதைக்கமாட்டான்" என்று பிரசங்கி 11:4 சொல்கிறது. அப்படியானால் விவசாயி வானிலை அறிக்கை பார்ப்பது அவிசுவாசமா?

இல்லை. எல்லாம் சாதகமாகும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பவனைத்தான் அந்த வசனம் சொல்கிறது. நம் டெல்டாவில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறக்க வேண்டும் என்பது வழக்கம். 2018-இல் ஜூலை 19, 2024-இல் ஜூலை 28. தண்ணீர் கடைமடைக்கு எப்போது வரும் என்று முழு நிச்சயம் கிடைத்த பிறகுதான் விதைப்பேன் என்றால் சம்பாவும் போய்விடும். இரண்டு வசனம் தள்ளி, காலையிலும் விதை, மாலையிலும் கையை நெகிழவிடாதே, எது வாய்க்கும் என்று நீ அறியாய் என்கிறார். அறியாதவன் செய்ய வேண்டியது அதிகமாக உழைப்பது.

அதே சகோதரர் மறுபடியும்: மன்னிக்கவும் ஐயா, ஏற்க முடியவில்லை. செல்போனில் மழை பார்க்கிற நேரத்தில் முழங்காலில் நிற்கலாமே?

வேதாரண்யம் சகோதரி: அண்ணே, கஜா புயல் வந்த ராத்திரி நாங்கள் முகாமுக்குப் போனது அறிக்கையைக் கேட்டுத்தான். எங்கள் ஓட்டு வீடு விழுந்தது, பிள்ளைகள் பிழைத்தார்கள். முழங்காலில் நின்றபடி வீட்டிலேயே இருந்திருந்தால்?

பேராவூரணி சகோதரர்: அறிக்கை வந்ததே, எங்கள் தென்னையை அது காப்பாற்றியதா? அவர் நினைத்ததுதான் நடந்தது.

மூன்று பேரும் பொறுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே புயல் கரையைக் கடந்தது. எங்கே, எப்போது என்பதை மனித அறிவு முன்கூட்டியே ஓரளவு சொன்னது. புயலை நிறுத்த அதனால் முடியவில்லை. எச்சரிக்கை மனிதனுக்கு எட்டியது, காற்று எட்டவில்லை. எட்டியதைப் பயன்படுத்தி அந்தச் சகோதரி பிள்ளைகளைக் காப்பாற்றினார். அதை அவிசுவாசம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அப்போஸ்தலர் 27-ஐப் பாருங்கள். புயலில் சிக்கிய கப்பலில் ஒருவரும் சாகமாட்டார்கள் என்று தூதன் பவுலிடம் சொல்லியாகிவிட்டது. ஆனாலும் மாலுமிகள் தப்பி ஓடப் பார்த்தபோது, "இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப் பிழைக்கமாட்டீர்கள்" என்றார் பவுல். வாக்குத்தத்தம் கையில் இருந்தவர் மாலுமியின் திறமையை வேண்டாம் என்று சொல்லவில்லை.

பேராவூரணி சகோதரரே, தென்னை காய்ப்புக்கு வர எத்தனை வருடம் என்று எனக்குத் தெரியும். உங்கள் இழப்புக்கு நான் விளக்கம் சொல்லப் போவதில்லை.

தஞ்சாவூர் சகோதரி: மகனுக்கு விசா கிடைக்குமா, தீர்க்கதரிசனமாகச் சொல்லுங்கள்.

அது என் வேலையில்லை அம்மா. மகனுக்காக ஜெபிக்கிறேன்.

திருவாரூர் சகோதரர்: மகள் கல்யாணம் இந்த வருடம் கூடுமா?

மேலே சொன்னதேதான். யாக்கோபு 4:15 படியுங்கள். பணம் வாங்கிக்கொண்டு நாள் குறித்துச் சொல்கிறவர்களிடம் போகாதீர்கள்.

சீர்காழி சகோதரர்: குறளில் வரும் ஊழும் இதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. ஊழைப் பற்றித் தமிழாசிரியர் ஒருவரிடம் கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார்.

நாகப்பட்டினம் சகோதரி: சுனாமி வந்தது 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வேளாங்கண்ணிக்கு வந்தவர்களும் போனார்கள், எங்கள் தெருவும் போனது. பாவத்தின் தண்டனை என்று ஒரு கூட்டத்தில் பேசினார்கள். உண்மையா?

அப்படிப் பேச அவர்களுக்கு அதிகாரம் இல்லை. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் எருசலேமில் மற்ற எல்லோரையும்விடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசு கேட்டார். அப்படியல்ல என்று அவரே பதிலும் சொன்னார், லூக்கா 13. பிள்ளைகளையெல்லாம் இழந்த யோபின் நண்பர்கள் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். வாய் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்ததும் கெட்டது. கடைசியில் கர்த்தருடைய கோபம் அவர்கள்மேல்தான் மூண்டது, 42:7. "நான் பூமியை அஸ்திபாரப்படுத்துகிறபோது நீ எங்கேயிருந்தாய்" என்று கேட்கப்பட்ட யோபுக்குக்கூட, தன் பத்துப் பிள்ளைகளும் ஏன் செத்தார்கள் என்று கடைசிவரை சொல்லப்படவில்லை. யோபுக்குச் சொல்லாததை மேடையில் நிற்பவருக்குச் சொல்லியிருப்பாரா? அம்மா, உங்கள் தெருக்காரர்களை நினைத்து அழுங்கள், கேள்வியும் கேளுங்கள். யோபு கேட்டார்.

தரங்கம்பாடி தம்பி: எங்கள் ஊருக்கு வந்த மிஷனரி சீகன்பால்கு 36 வயதில் இறந்தது ஏன்? இன்னும் எவ்வளவோ செய்திருப்பாரே.

ஏன் என்பதற்குப் பதில் மேலேயே இருக்கிறது. நடந்ததைச் சொல்கிறேன். 1706-இல் உங்கள் ஊர்க் கரையில் இறங்கினார். 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. பழைய ஏற்பாட்டில் ரூத் புத்தகம் வரை மொழிபெயர்த்த நிலையில் 1719-இல் போய்விட்டார். மீதியை அவருக்குப் பின் வந்த சூல்ட்சே முடித்தார். தன் ஆயுசின் அளவு தெரியாமலே அவர் ரூத் வரை வந்தார் தம்பி.

கும்பகோணம் தம்பி: அந்த வருடம் தோராயமாகவாவது...

வேண்டாம்.

கீழ்வேளூர் சகோதரர்: பயிர் காப்பீடு செய்தால் கர்த்தரை நம்பவில்லை என்று ஆகுமா?

ஆகாது. பஞ்சம் வரும் என்று கர்த்தர் வெளிப்படுத்தியபின் யோசேப்பு ஏழு நல்ல வருடமும் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்து வைத்தார். கிராம நிர்வாக அலுவலரிடம் சாகுபடிச் சான்றான அடங்கல் வாங்கிக்கொள்ளுங்கள். நிலப் பதிவான சிட்டா, ஆதார், வங்கிப் புத்தக நகல் எடுத்துக்கொண்டு கூட்டுறவுச் சங்கத்திலோ பொதுச் சேவை மையத்திலோ காப்பீட்டுப் பணத்தைக் கட்டிவிடுங்கள். கடைசி நாளில் கூட்டம் தாங்காது, முன்னாலேயே போங்கள்.