வசந்தம் வந்துவிட்டது, தோட்டத்தில் எந்த வேலையை முதலில் தொடங்குவது?

கேள்வி: குளிர்காலம் முழுக்கத் தோட்டத்துப் பக்கம் அதிகம் போகவில்லை. ஒரு காய்கறிப் பாத்தி, நான்கு ரோஜா, வேறு சில பூச்செடிகள், பதினைந்து தொட்டிகள் இருக்கின்றன. போன வசந்தத்தில் வெயில் அடித்த முதல் வார இறுதியிலேயே பாத்தியைக் கொத்தி விதைத்தேன், எல்லாச் செடிகளையும் வெட்டிவிட்டேன், உரமும் போட்டேன். பீன்ஸும் வெள்ளரியும் பாதிக்கு மேல் முளைக்கவில்லை. வாசலில் இருக்கும் லைலாக் ஒரு பூகூடப் பூக்கவில்லை. இந்த முறை எதிலிருந்து ஆரம்பிப்பது?

பதில்: நீங்கள் செய்தவை எல்லாமே செய்ய வேண்டிய வேலைகள்தான். அத்தனையையும் ஒரே வார இறுதியில் செய்ததுதான் சிக்கல். வெயில் வந்தவுடன் காற்று சூடாகிவிடுகிறது. ஆனால் மண் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. அதற்குப் பல நாட்கள், ஈரம் அதிகமுள்ள களிமண்ணாக இருந்தால் சில வாரங்கள்கூட ஆகும். நாம் உணர்வது காற்றின் சூடு. விதை உணர்வது மண்ணின் சூடு. அதனால் தேதி பார்த்து வேலையைத் தொடங்காமல் மண்ணையும் செடியையும் பார்த்துத் தொடங்குங்கள்.

முதலில் மண்ணைச் சோதியுங்கள். பாத்தியில் ஒரு சாண் ஆழத்திலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்து உருண்டையாக அழுத்திப் பிடியுங்கள். பிறகு கட்டைவிரலால் லேசாகக் குத்துங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் மண் பதமாக இருக்கிறது, கொத்தலாம். உருண்டை உடையாமல் பிசுபிசுவென்று கையில் ஒட்டினால் மண்வெட்டியை எடுக்காதீர்கள். இன்னும் நாலைந்து நாள் கழித்து மறுபடி சோதித்துப் பாருங்கள்.

இதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் சின்னச் சின்ன இடைவெளிகளில்தான் காற்றும் நீரும் தங்கும், வேரும் அதில்தான் நுழையும். ஈரமாக இருக்கும்போது கொத்தினாலோ மிதித்தாலோ அந்த இடைவெளிகள் நசுங்கிவிடும். களிமண்ணாக இருந்தால் காய்ந்தபின் செங்கல் மாதிரி கட்டி கட்டியாகிவிடும். தோட்டம் போடத் தொடங்கிய காலத்தில் நானும் அப்படி ஒரு பாத்தியைக் கெடுத்திருக்கிறேன். அந்தப் பருவம் முழுக்க எத்தனை முறை தண்ணீர் ஊற்றினாலும் மேலேயே தேங்கி நின்றது, செடிகள் வளரவே இல்லை. அந்த மண் பழையபடி இளக இரண்டு வருடம் மட்கிய உரம் போட வேண்டியிருந்தது. ஒரு மணி நேர அவசரத்துக்கு அது பெரிய விலை. மண் நல்ல பதத்தில் இருந்தாலும் ஆழமாகப் புரட்டிப்போடத் தேவையில்லை. மேலே 3 முதல் 5 செ.மீ. மட்கிய உரத்தைப் பரப்பி, முள்வாரியால் மேல்மண்ணோடு கலந்துவிட்டால் போதும். மீதியை மண்புழுக்கள் பார்த்துக்கொள்ளும்.

சரி, விதைக்கு வருவோம். உங்கள் பீன்ஸும் வெள்ளரியும் முளைக்காமல் போனதற்குக் குளிர்ந்த மண்தான் காரணமாக இருந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் மண்ணின் வெப்பம் 15 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டும். அதற்குக் கீழே ஈரத்தில் கிடக்கும் விதை ஊறிப்போய், முளைவிடுவதற்கு முன்பே அழுகிவிடும். பட்டாணி, பாலக் கீரை, லெட்யூஸ் போன்றவை அப்படியல்ல. 5 டிகிரி அளவிலேயே அவற்றுக்கு உயிர் வந்துவிடும். ஆனாலும் அவசரம் வேண்டாம் என்பேன். 5 டிகிரியில் பட்டாணி முளைக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகலாம். அதே விதை 15 டிகிரியில் இரண்டு வாரத்தில் தலைகாட்டிவிடும். தாமதமாக விதைத்தவர் முந்திக்கொள்வது இப்படித்தான். மண் வெப்பமானி ஒன்று வாங்கிவிட்டால் ஊகிக்கும் வேலை இல்லை. காலையில் 5 செ.மீ. ஆழத்தில் செருகிப் பாருங்கள், மூன்று நாட்கள் தொடர்ந்து அளந்த பிறகு முடிவு செய்யுங்கள். மதிய அளவு ஏமாற்றும்.

விதை பழசாக இருந்ததும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். பத்து விதைகளை எடுத்து ஈரமான காகிதத்தில் சுருட்டி, ஒரு பையில் போட்டு, வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். அந்த விதை வழக்கமாக முளைக்க எடுக்கும் நாட்கள் கழித்துப் பிரித்துப் பார்த்தால், எட்டுக்கு மேல் முளைத்திருந்தால் கவலை இல்லை. ஐந்துதான் என்றால் இரண்டு மடங்கு நெருக்கமாக விதையுங்கள். இரண்டு மூன்றுதான் என்றால் புது விதை வாங்கிவிடுங்கள். தக்காளி, வெள்ளரி விதைகள் உலர்ந்த குளிர்ந்த இடத்தில் நாலைந்து வருடம் தாங்கும். வெங்காய விதை ஒரு வருடம் தாண்டினாலே சந்தேகம்தான்.

இனி லைலாக். அது பூக்காததற்குக் காரணம் உங்கள் கத்தரிக்கோல்தான். லைலாக் இந்த வசந்தத்தில் பூக்க வேண்டிய மொட்டுகளைப் போன கோடையிலேயே பழைய கிளைகளில் கட்டிவைத்துவிடும். வசந்தத் தொடக்கத்தில் அதன் கிளைகளை வெட்டினால் பூக்களையே வெட்டி எறிந்ததாகிவிடும். ஃபோர்சித்தியா, அசேலியா, பெரிய இலை ஹைட்ரேஞ்சியா எல்லாம் இதே ரகம். இவற்றைப் பூத்து முடித்த உடனே கவாத்து செய்யுங்கள், அப்போதுதான் அடுத்த வருடத்து மொட்டு கட்ட அவகாசம் கிடைக்கும். இப்போது காய்ந்த கிளையையும் ஒடிந்த கிளையையும் மட்டும் எடுங்கள். பச்சையாக இருக்கும் எதையும் தொடாதீர்கள். கிளை உயிரோடு இருக்கிறதா என்று தெரியவில்லை என்றால், நகத்தால் பட்டையைச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

ரோஜாவும் செம்பருத்தியும் இதற்கு நேர்மாறு. அவை இந்த வருடம் விடும் புதுக் கிளையில்தான் பூக்கும். அதனால் குருத்துகள் பருத்து வரும் இந்தச் சமயம்தான் அவற்றை வெட்டச் சரியான நேரம். கொடி ரோஜாவும் வருடத்தில் ஒரே முறை பூக்கும் பழைய ரகங்களும் மட்டும் விதிவிலக்கு, அவற்றைப் பூத்து முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். மற்ற ரோஜாக்களில் முதலில் காய்ந்தவை, நோய் பட்டவை, ஒன்றோடொன்று உரசும் கிளைகள் ஆகியவற்றை எடுத்துவிடுங்கள். அப்புறம் மிச்சமிருக்கும் கிளைகளில் வெளிப்பக்கம் பார்த்திருக்கும் ஒரு குருத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்கு அரை செ.மீ. மேலே சற்றுச் சாய்வாக வெட்டுங்கள். புதுக்கிளை வெளிப்பக்கமாக வளரும், செடியின் நடுப்பகுதி காற்றோட்டமாக இருக்கும். இலையில் கரும்புள்ளி வருவது இதனாலேயே குறையும். ஒட்டுப் போட்ட இடத்துக்குக் கீழிருந்து வேறு மாதிரி இலையோடு கிளம்பும் துளிரை வெட்டாதீர்கள். அது கிளம்பும் இடம்வரை மண்ணை விலக்கி, கையால் பிய்த்தெடுங்கள். வெட்டினால் மறுபடி மறுபடி துளிர்க்கும்.

கத்தரி கூர்மையாக இருக்கட்டும். நோய் பட்ட செடியை வெட்டியபின் வெட்டும் பகுதியை 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்துவிட்டு அடுத்த செடிக்குப் போங்கள்.

குளிர்காலத்துச் சருகுகளையும் காய்ந்த பூந்தண்டுகளையும் முதல் நாளே துப்புரவாகக் கூட்டிவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். குழல் போன்ற தண்டுகளுக்குள் சில தனித் தேனீக்களும், சருகுக்கடியில் பொறிவண்டுகளும் உறங்கிக்கொண்டிருக்கும். பகல் வெப்பம் பல நாட்கள் தொடர்ந்து 10 டிகிரிக்கு மேல் இருக்கத் தொடங்கியபின் கூட்டலாம். இளந்துளிர்களில் அசுவினிப் பூச்சி மொய்க்கும்போது அவற்றைத் தின்னப்போவது இந்தப் பொறிவண்டுகள்தான். அசுவினியைக் கண்டதும் மருந்தைத் தேட வேண்டாம். தண்ணீரைச் சற்று வேகமாகப் பீய்ச்சி உதிர்த்துவிடுங்கள், இரண்டு மூன்று நாள் இடைவெளியில் திரும்பச் செய்யுங்கள். நோய் பட்ட ரோஜா இலைகளை மட்டும் தாமதிக்காமல் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள், அவற்றை மட்கு குழியில் போடக் கூடாது.

துலிப், டாஃபோடில் போன்ற கிழங்குப் பூக்கள் வாடியதும் பூத்தலையை மட்டும் கிள்ளுங்கள். இலை பார்க்க அழகில்லாமல் சாய்ந்து கிடந்தாலும் ஆறு வாரமாவது விட்டுவையுங்கள். அடுத்த வருடப் பூவுக்கான உணவை அந்த இலைதான் கிழங்குக்கு அனுப்புகிறது.

உரத்தைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்கவில்லை, ஆனால் சொல்லத்தான் வேண்டும். குளிர்ந்த மண்ணில் வேர் சோம்பிக் கிடக்கும். அப்போது போடும் உரத்திலுள்ள தழைச்சத்தில் (நைட்ரஜனில்) பெரும்பகுதி மழையில் கரைந்து ஓடிவிடும். புதுத்துளிர் ஓரிரு அங்குலம் நீண்ட பிறகு உரம் போடுங்கள், அதுவும் மண் ஈரமாக இருக்கும்போது. உரப்பையில் சொன்ன அளவைத் தாண்ட வேண்டாம். தழைச்சத்து மிஞ்சினால் இலை கொழுக்கும், பூ குறையும், அசுவினிக்கும் அந்த மென்மையான இலைதான் பிடிக்கும்.

தொட்டிகளை ஒரு மழை நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். செடியைத் தொட்டியோடு சாய்த்து மெதுவாக உருவிப் பாருங்கள். வேர் சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி ஓடியிருந்தால் தொட்டி மாற்ற நேரமாகிவிட்டது. புதுத் தொட்டி 3 முதல் 5 செ.மீ. அகலம் கூடுதலாக இருந்தால் போதும். மிகப் பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரத்தோடு கிடந்து புளித்துப்போகும். சுருண்ட வேரை விரலால் பிரித்துவிட்டு நடுங்கள். அடியில் கல் அடுக்கினால் தண்ணீர் நன்றாக வடியும் என்று பலர் சொல்வார்கள், அது சரியல்ல. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய கற்களுக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது, கல்லுக்கு மேலேயே தேங்கும். ஓட்டை அடைபடாமல் இருந்தாலே போதும், தொட்டி முழுக்க மண்ணே இருக்கட்டும்.

வீட்டுக்குள் வளர்த்த தக்காளி, மிளகாய் நாற்றுகளைக் கடைசி உறைபனி ஆபத்து நீங்கும்வரை பாத்திக்குக் கொண்டுபோக வேண்டாம். நட நினைக்கும் நாளுக்குப் பத்து நாள் முன்பிருந்து வெளியே பழக்குங்கள். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு தினமும் கொஞ்சம் கூட்டி, இளவெயில், அதன்பின் முழு வெயில், கடைசி இரண்டு நாள் இரவும் வெளியில். கண்ணாடிக்குப் பின்னால் வளர்ந்த இலை நேரடி வெயிலைத் திடீரென்று தாங்காது, வெளுத்துக் கருகிவிடும். மேகமூட்டமான மாலையில் நட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள்.

மூடாக்கு போடுவது இதற்கெல்லாம் பிறகுதான். முன்பே போட்டால் குளிரை மண்ணுக்குள் பூட்டி வைத்த மாதிரி ஆகிவிடும். மண் சூடேறி, முளைத்த களைகளை ஒரு காய்ந்த நாளில் களைக்கொத்தால் மேலாகச் சுரண்டி எடுத்தபின், வைக்கோலோ உலர்ந்த சருகோ 5 முதல் 7 செ.மீ. பரப்புங்கள். தண்டைச் சுற்றி ஒரு விரல்கடை இடத்தை வெறுமையாக விடுங்கள், ஈரம் ஒட்டியே இருந்தால் தண்டு அடியில் அழுகத் தொடங்கும்.