ரீமேப் செய்த ஆக்டேவியா: புரோக்கரிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாமா?

கேள்வி: 2018 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். வைத்திருக்கிறேன். ஒரே ஓனர், 58,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஸ்டேஜ் 2 ரீமேப் (பாகங்களோடு எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளையும் மாற்றி சக்தியைக் கூட்டுவது), டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாய்), இன்டேக் (எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்), காயிலோவர் (உயரத்தை மாற்றக்கூடிய சஸ்பென்ஷன்) என்று நாலு லட்சத்துக்கு மேல் செலவு செய்தேன். சர்வீஸில் குறை வைத்ததில்லை. ஆனாலும் புரோக்கர்கள் அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்கள். ஒருவர் மட்டும், 'பார்ட்டி ரெடி, ஃபார்மில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், நாளைக்கே பணம்' என்கிறார். கொடுக்கலாமா? – கோவை வாசகர்

பதில்: கொடுக்காதீர்கள். விலையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், முதலில் இந்தக் கையெழுத்து.

அவர் கேட்பது வண்டியின் பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, ஃபார்ம் 30. வாங்குபவர் பெயர் எழுதாத வெற்றுத் தாளில் நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால், வண்டி மூன்று கை மாறினாலும் ஆர்.சி.யில் உங்கள் பெயர்தான் நிற்கும். நடுவில் இருப்பவர்கள் பெயர் மாற்றமே செய்ய மாட்டார்கள். அந்தச் செலவு அவர்களுக்கு மிச்சம், ஆர்.சி.யில் ஓனர் எண்ணிக்கையும் ஏறாது. நாலாவதாக வாங்கியவன் ராத்திரி யார்மீதாவது ஏற்றினால் போலீஸ் வருவது உங்கள் வீட்டுக்கு. இப்படிப் பல கை மாறிய ஒரு காரின் வழக்கில், ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே ஓனர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. உங்களுடையது ஓட்டுகிறவனின் காலைச் சும்மா இருக்கவிடாத வண்டி. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. பழைய கார் டீலர்களுக்கான மத்திய மோட்டார் வாகன விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று பெற்ற டீலரிடம் வண்டியை ஒப்படைக்கும்போது, நீங்களும் அவரும் சேர்ந்து ஃபார்ம் 29சி-யை ஆன்லைனில் பதிய வேண்டும். அது பதிவானதும் சட்டத்தின் பார்வையில் டீலரே ஓனர். அதற்குப் பிறகு வண்டியால் வரும் வில்லங்கம் அவருடையது. கவனியுங்கள்: அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது, 29சி பதிவாகியிருக்க வேண்டும். பதிவான ஒப்புகையைக் கையில் வாங்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள். 'அப்புறம் போட்டுக்கலாம் சார்' என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். இவ்வளவு நல்ல விதியைப் போட்டுவிட்டு, வண்டி விற்கிற சாதாரண மனிதர் காதுக்கு அதைக் கொண்டுபோகவில்லையே என்பதுதான் எனக்கு ஆற்றாமை. என்னிடம் யோசனை கேட்டு வருபவர்களில் பத்துக்கு ஒருவர்கூட 29சி பற்றிக் கேள்விப்பட்டதில்லை.

இனி விலை. மாடிஃபிகேஷனுக்குப் போட்ட நாலு லட்சம் வண்டி விலையில் திரும்பி வராது. ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதற்கு மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வாங்குபவருக்கு ஆர்.டி.ஓ. பயம், இன்சூரன்ஸ் பயம் இரண்டும் இருக்கும். ஆகவே ஒரிஜினல் பாகங்களை மாட்டிவிட்டு விற்பதே லாபம். டவுன்பைப்பையும் காயிலோவரையும் இதே வண்டி வைத்திருக்கும் இன்னொருவரிடம் தனியாக விற்றால் கணிசமான தொகை கையில் நிற்கும். ஒன்றை மறக்க வேண்டாம்: டவுன்பைப்பைக் கழற்றும் அன்றே ஸ்டேஜ் 2 மேப்பையும் எடுத்து, ரீமேப் செய்த ட்யூனரிடம் இருக்கும் கம்பெனியின் ஒரிஜினல் மென்பொருள் ஃபைலை ஏற்றச் சொல்லுங்கள். ஒரிஜினல் பைப்பில் ஸ்டேஜ் 2 ஓடினால் அடைப்பும் சூடும் ஏறி டர்போவைத்தான் பாதிக்கும்.

ஆனால் ரீமேப் செய்திருந்ததை மறைக்காதீர்கள். கம்பெனி ஸ்கேனரை மாட்டினால் எஞ்சின் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ.வில் கைவைத்த தடம் தெரிந்துவிடும். நீங்களே முதலில் சொன்னால் அது தகவல், வாங்குபவர் கண்டுபிடித்தால் ஏமாற்று.

58,000 கி.மீ. என்கிறீர்கள். உங்கள் ஆறு கியர் டி.எஸ்.ஜி. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு 60,000-ல் ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். அதை இப்போதே முடித்து பில்லை ஃபைலில் வையுங்கள். விவரம் தெரிந்தவர் முதலில் தேடுவது அந்தப் பில்லைத்தான். வாங்குபவர் உங்கள் வீட்டுக்கு வரும்போது எஞ்சினைச் சூடாக்கி வைக்காதீர்கள். பானெட்டில் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கேட்பார். ராத்திரி முழுக்க நின்ற வண்டியை அவர் முன்னால் ஸ்டார்ட் செய்து, புகையில்லாமல் ஐடிலில் நிற்பதைக் காட்டுங்கள். உங்கள் பராமரிப்புக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. டெஸ்ட் டிரைவில் பக்கத்து சீட்டில் நீங்கள் இருங்கள். நின்ற இடத்திலிருந்து ஒரேயடியாகப் பாய வைக்கும் லான்ச் கன்ட்ரோலைப் போட்டுப் பார்க்கக் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

பேரம் படிந்ததும் வாங்குபவரின் பெயர், முகவரி, தேதி, நேரம் எல்லாம் எழுதிய ஃபார்மில் மட்டும் கையெழுத்து. பெயர் மாற்றத்துக்கு நீங்களே ஆன்லைனில் விண்ணப்பித்து, ரசீது வந்த பிறகு வண்டியை விடுங்கள். ஃபாஸ்டேக்கை அன்றே மூடிவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, ஓனர் பெயர் மாறிவிட்டதா என்று பாருங்கள். மாறாவிட்டால் விற்பனை ஒப்பந்த நகலோடு நேராக ஆர்.டி.ஓ. அலுவலகம் போய் எழுத்தில் புகார் கொடுத்து, முத்திரையிட்ட நகலை வாங்கி வாருங்கள்.