நாற்றை வெயிலுக்குப் பழக்குவதும் தொட்டி மாற்றுவதும்: கேள்வி பதில்

ஆடிப்பட்டத்துக்குக் குழித்தட்டில் (சின்னச் சின்னக் குழிகள் உள்ள நாற்றுத் தட்டு) விதை போட்டவர்கள் வீட்டில் இப்போது நாற்றுகள் நாலு இலை, ஆறு இலை என்று நிற்கும். மாடிக்கு ஏற்றும் நேரம். வந்த கேள்விகளில் முக்கால்வாசி "நேற்று வரை நன்றாக இருந்தது, இன்று தொங்கிவிட்டது" என்ற புலம்பல்தான். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஜன்னலோரம் வளர்த்த தக்காளி நாற்றை மாடியில் வைத்தேன் சார். இரண்டே நாளில் இலையெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் காய்ந்துவிட்டது. என்ன நோய் இது, எந்த மருந்து அடிக்கலாம்? (மடிப்பாக்கம்)

நோயே இல்லைம்மா. வெயில் சுட்ட காயம். மருந்து எதுவும் அடிக்காதீர்கள், வேப்பெண்ணெய் கூட வேண்டாம். எண்ணெய் பட்ட இலை வெயிலில் இன்னும் கருகும்.

வீட்டுக்குள் வளரும் நாற்றின் இலை மெல்லியது. இலைமேல் இருக்கும் மெழுகுப் படலம் சரியாகத் தடித்திருக்காது. காற்றும் வெயிலும் சேர்ந்து அடிக்கும்போது இலை இழக்கும் தண்ணீரை அந்தச் சின்ன வேரால் ஈடுகட்ட முடியாது. வெளுத்த இடம் மறுபடி பச்சையாகாது. ஆனால் நடுக்குருத்து பச்சையாக இருந்தால் செடி பிழைத்துவிடும். நிழலுக்கு மாற்றுங்கள், புது இலை இரண்டு வரும்வரை பழைய இலைகளைக் கிள்ளாதீர்கள், உரமும் கொடுக்காதீர்கள்.

அப்படியானால் எப்படித்தான் பழக்குவது? நாள் கணக்கில் சொல்லுங்கள் அண்ணா. (மதுரை)

ஏழிலிருந்து பத்து நாள் ஒதுக்குங்கள். முதல் இரண்டு நாள் வெளிக்காற்று மட்டும், நேர் வெயில் கூடாது. தண்ணீர்த் தொட்டியின் நிழல் இதற்கு நல்ல இடம். மூன்றாம் நாள் காலை ஏழு மணி வெயில் ஒரு மணி நேரம். அதன்பிறகு நாளுக்கு ஒரு மணி நேரம் கூட்டிக்கொண்டே போங்கள். காலை வெயிலைப் பத்து, பதினோரு மணி வரை தாங்கிவிட்டால், மதியத்துக்கு 50 சதவீத நிழல்வலைக்கு அடியில் இரண்டு நாள். அப்புறம் திறந்தவெளி. மேகமூட்டமாக இருந்த நாளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மூன்று நாள் மேகத்தில் நின்ற நாற்று நான்காம் நாள் வெயிலில் கருகுவது நம் ஊரில் சகஜம்.

பலர் கோட்டை விடுவது தரையில். மொட்டைமாடி சிமெண்ட் மதியத்தில் கால் வைக்க முடியாத சூடு. அதன்மேல் நேராகத் தட்டை வைத்தால் வேர் வெந்துவிடும். இரண்டு செங்கல் போட்டு அதன்மேல் வையுங்கள்.

தண்ணீரைக் கொஞ்சம் குறைக்கலாம். மேல் கலவை காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். ஆனால் "வாட விட்டால்தான் நாற்றுக்கு உறுதி ஏறும்" என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். குழித்தட்டின் ஒரு குழியில் இருப்பதே நாலைந்து ஸ்பூன் கலவை; காற்றடிக்கும் நாளில் அது அரை நாளில் காய்ந்துவிடும். இந்த வாரம் மீன் அமிலம், பஞ்சகவ்யா போன்ற வளர்ச்சி ஊக்கிகளை நிறுத்திவையுங்கள். வளர்ச்சி சற்று நின்று, இலை கரும்பச்சையாகித் தடித்து, தக்காளியின் அடித்தண்டில் ஊதா சாயல் தெரிந்தால் நாற்று தயார்.

எங்கள் பக்கம் ஆடிக்காற்று பிய்த்து எடுக்கிறது. கத்திரி நாற்று படுத்தே விடுகிறது. (பொள்ளாச்சி)

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று அல்லவா, வேறென்ன செய்யும்! காற்றை முழுக்க அடைக்காதீர்கள். லேசாக ஆடும் தண்டுதான் பருக்கும். தகரம், அட்டை வைத்து மறைத்தால் காற்று அதைத் தாண்டிச் சுழன்று மறுபக்கம் விழும். மேற்குப் பக்கம் நிழல்வலையைத் திரையாகக் கட்டுங்கள். பாதிக் காற்றை வடித்து அனுப்பும். நட்டபிறகு ஒரு குச்சி ஊன்றி, சணலால் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டினால் போதும்.

வெளிச்சம் பத்தாமல் நாற்றுகள் நெட்டையாகப் போய்விட்டன. ஆழமாகப் புதைத்து நடலாமா?

எந்தச் செடி என்பதைப் பொறுத்தது. தக்காளியைத் தாராளமாகப் புதைக்கலாம். அதன் தண்டு மண்ணைத் தொட்ட இடமெல்லாம் வேர் விடும். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மேல் நாலு இலை வெளியே தெரியுமாறு நடுங்கள். ரொம்ப நெட்டை என்றால் சாய்வாகப் படுக்கவைத்தும் நடலாம். கத்திரி, மிளகாயை விதையிலை (முளைக்கும்போது முதலில் வரும் இலை) மட்டம் வரை இறக்கினால் போதும்; தக்காளி அளவுக்கு அவை வேர் விடாது. பப்பாளியைப் புதைக்கவே கூடாது. ஈரத்தில் தண்டு புதைந்தால் தூர் அழுகல் நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பாகல், புடலை, சுரைக்கும் இதே எச்சரிக்கை.

எத்தனை நாள் நாற்றை எடுத்து நடுவது?

தக்காளி 25, கத்திரி 30 முதல் 35, மிளகாய் 35 முதல் 40 நாள். கொடிவகை என்றால் விதையிலைக்குப் பிறகு இரண்டு உண்மை இலை வந்ததும், 12 முதல் 15 நாளில். நாளைவிட வேரைப் பார்ப்பது நல்லது. குழியின் அடியில் அழுத்தி ஒன்றை வெளியே தள்ளுங்கள். கலவை உதிராமல் கட்டியாக வந்து, வெள்ளை வேர் சுற்றிலும் தெரிந்தால் சரியான பருவம். உதிர்ந்தால் இன்னும் நாலு நாள் விடுங்கள். வேர் பழுப்பாகிச் சுருண்டிருந்தால் தாமதம்; அடியை லேசாகப் பிரித்துவிட்டு நடுங்கள்.

பேப்பர் கப்பிலிருந்து நேராகப் பெரிய க்ரோ பேக்குக்கு (செடி வளர்க்கும் பை) மாற்றலாமா, நடுவில் ஒரு சின்னத் தொட்டி வேண்டுமா? (திருச்சி)

கோடையில் நேராகவே மாற்றலாம். மழைக்காலத்தில் மாட்டேன். பெரிய பையில் சின்ன வேர் இருந்தால் உறிஞ்ச ஆளில்லாமல் ஈரம் அப்படியே நிற்கும், வேர் மூச்சுத் திணறும். ஐப்பசி மழைக்கு முன் மாற்றுபவர்கள் ஆறு அங்குலத் தொட்டியில் இரண்டு மூன்று வாரம் வைத்து அப்புறம் மாற்றுங்கள். நாற்றைத் தண்டில் பிடித்துத் தூக்க வேண்டாம். இலை போனால் வேறு இலை வரும், தண்டு நசுங்கினால் செடியே போச்சு. மாலை நாலு மணிக்கு மேல் நடுங்கள்.

கலவைக்குச் செம்மண், கழுவிய தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் சமபாகம். நார்க்கழிவில் உப்பு இருக்கும், அலசிய தண்ணீர் தெளியும்வரை கழுவுங்கள். பச்சைச் சாணம் வேண்டவே வேண்டாம்.

அடித்தண்டு நூல் மாதிரி மெலிந்து நாற்று சாய்கிறது.

நாற்றழுகல். சாய்ந்தது பிழைக்காது, எடுத்து எறியுங்கள். மீதிக்குத் தண்ணீரைக் குறைத்து, காற்றோட்டம் கொடுங்கள். அடுத்த முறை ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நன்மை செய்யும் பாக்டீரியா தூள்) என்ற கணக்கில் விதையோடு கலந்து விதை நேர்த்தி செய்யுங்கள். வீட்டு அளவுக்கு ஒரு சிட்டிகை போதும்.

வெண்டை, முள்ளங்கிக்கும் நாற்று விடலாமா?

வேண்டாம். நேரடியாகப் பையிலேயே ஊன்றுங்கள்.

அண்ணை, வீட்டுக்குள்ள முளைக்க வச்ச மிளகாய்க் கன்றுகளை எப்ப வெளியில வைக்கலாம்? கறிவேப்பிலையும் ஒண்டு நிக்குது. (டொரோண்டோ)

உங்களுக்கு வெயிலோடு குளிரும் சேர்ந்த கணக்கு. விக்டோரியா தின வார இறுதி வரை, அதாவது மே மூன்றாம் வாரம் தாண்டும்வரை பொறுங்கள். இரவு வெப்பம் தொடர்ந்து 10 பாகைக்கு மேல் நிற்க வேண்டும். அதற்குக் கீழே மிளகாய் வளராமல் அப்படியே நின்றுவிடும். பகலில் வெளியே, இரவில் உள்ளே என்று ஒரு வாரம் தூக்கி வைக்கத்தான் வேண்டும். கறிவேப்பிலையை ஜூனில் வெளியே விட்டு, செப்டம்பரில் குளிர் தொடங்கும்போதே உள்ளே எடுத்துவிடுங்கள்.

நட்டு மூன்று நாள் ஆகிறது. மதியம் தொங்குகிறது, சாயங்காலம் நிமிர்கிறது. கூடுதலாகத் தண்ணீர் ஊற்றட்டுமா?

விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஊற்றாதீர்கள், மதியம் மட்டும் ஒரு பழைய துண்டை நிழலாகக் கட்டுங்கள். சாயங்காலமும் நிமிரவில்லை, ஆனால் மண் ஈரமாக இருக்கிறது என்றால், பையின் அடியில் ஓட்டை அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.