டூரிஸ்ட் விசா மறுக்கப்பட்ட பிறகு ஸ்பௌஸ் விசா: பழைய பாஸ்போர்ட்டை மறைக்கலாமா?

கேள்வி: எனக்கு 28 வயது. 2025 பிப்ரவரியில் திருமணம் ஆனது. கணவர் இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறார், நிரந்தரமாக வசிக்கும் உரிமை (ஐ.எல்.ஆர்.) வாங்கிவிட்டார். ஆண்டுச் சம்பளம் 31,400 பவுண்டு. ஆனால் இப்போதைய வேலையில் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது. எங்களுக்கு 2022-லிருந்தே பழக்கம். 2023-ல் அவரைப் பார்க்க டூரிஸ்ட் விசாவுக்கு விண்ணப்பித்தேன். வீட்டுக்குத் தெரியாமல் இருந்ததால், லண்டனில் இருக்கும் தோழியைப் பார்க்கப் போவதாக ஏஜென்ட் எழுதினார். கணக்கில் காட்டுவதற்காக அப்பா 4 லட்சம் ரூபாய் போட்டார். விசா மறுக்கப்பட்டது. பிறகு பாஸ்போர்ட் புதுப்பித்தேன். இப்போது கணவரோடு சேர்ந்து வாழ்வதற்கான ஸ்பௌஸ் விசா போட வேண்டும். "புது பாஸ்போர்ட்டில் ஒன்றும் தெரியாது, பழைய ரிஜெக்‌ஷனைச் சொல்லாதீர்கள், கல்யாணத்துக்கு முன்பு பழக்கமே இல்லை என்று போட்டுவிடலாம்" என்கிறார் அதே ஏஜென்ட். என்ன செய்வது?
- வாசகி, திருச்சி

பதில்: முதலில் அந்த ஏஜென்ட்டை விட்டு விலகுங்கள். அவர் சொல்லும் இரண்டு யோசனைகளும் உங்கள் விண்ணப்பத்தைக் கவிழ்க்கக் கூடியவை. நீங்கள் இப்போது இருக்கும் நிலை அவ்வளவு மோசமானது இல்லை. அவர் சொன்னபடி செய்தால்தான் மோசமாகும்.

பாஸ்போர்ட் எண் மாறினாலும் கைரேகை மாறாது. 2023-ல் விசா விண்ணப்பம் வாங்கும் வி.எஃப்.எஸ். மையத்தில் எடுத்த கைரேகையும் புகைப்படமும் பிரிட்டன் உள்துறையின் பதிவில் இருக்கின்றன. இப்போது மறுபடி விரல் வைத்ததும் பழைய விண்ணப்பம் கூடவே வந்து நிற்கும். விண்ணப்பப் படிவத்திலும் பிரிட்டனோ வேறு நாடோ எப்போதாவது விசா மறுத்ததா என்ற கேள்வி நேரடியாகவே இருக்கிறது. அதற்கு 'இல்லை' என்று பதில் சொன்னால், முந்தைய மறுப்பு ஒரு பிரச்சினையாக இல்லாமல் போய், பொய் சொன்னது பிரச்சினையாகும். தவறான தகவல் தருவதும் முக்கியமான விவரத்தை மறைப்பதும் ஸ்பௌஸ் விசாவை மறுக்கத் தனிக் காரணங்கள். திருமணம் எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும், சம்பளம் எவ்வளவு இருந்தாலும் அது காப்பாற்றாது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகள் பிரிட்டனுடன் குடியேற்றத் தகவல்களைப் பகிர்ந்துகொள்கின்றன என்பதால் வேறு நாட்டு மறுப்பு இருந்தாலும் இதே கதைதான்.

இனி உங்கள் மறுப்புக் கடிதத்தை எடுத்து வரிவரியாகப் படியுங்கள். விசிட்டர் விசா (நீங்கள் சொல்லும் டூரிஸ்ட் விசா) மறுப்புகளில் பெரும்பாலும் 'வி 4.2' என்ற விதி எண்ணும் பக்கத்தில் ஒரு எழுத்தும் இருக்கும். 'ஏ' என்றால் பயணம் முடிந்து நாடு திரும்புவீர்கள் என்று அதிகாரி நம்பவில்லை. 'சி' என்றால் சொன்ன நோக்கத்தை நம்பவில்லை. 'ஈ' என்றால் செலவுக்கான பணம் உண்மையில் உங்களுடையதா என்று சந்தேகம். திடீரென்று விழுந்த 4 லட்சம் பெரும்பாலும் இங்கேதான் வந்திருக்கும். இவை மட்டும் இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். ஸ்பௌஸ் விசாவில் நீங்கள் நாடு திரும்புவீர்கள் என்று நிரூபிக்க வேண்டியதே இல்லை. அங்கேயே சேர்ந்து வாழப் போகிறோம் என்பதுதான் நிபந்தனை. உங்கள் வங்கிக் கணக்கும், சேமிப்பைக் காட்டி விண்ணப்பித்தால் ஒழிய, பார்க்கப்படாது. அன்று மறுத்த காரணங்களில் பெரும்பகுதி இன்று பொருந்தவே பொருந்தாது.

ஆனால் அந்தக் கடிதத்தில் '9.7' என்று தொடங்கும் விதி எண் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அது பொய்த் தகவல் கொடுத்ததாக அதிகாரி முடிவு செய்ததன் அடையாளம். விசிட்டர் போன்ற வகைகளில் அதற்கு 10 ஆண்டு வரை தடை உண்டு. அந்த எண் இருந்தால் நீங்களாக விண்ணப்பிக்காதீர்கள். பிரிட்டனில் பதிவு பெற்ற குடியேற்ற வழக்கறிஞரை உங்கள் கணவர் மூலம் பாருங்கள். சொலிசிட்டராகவோ, இமிக்ரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டியில் (2025 ஜனவரி வரை ஓ.ஐ.எஸ்.சி. என்று இருந்த அமைப்பு) பதிவு பெற்றவராகவோ இருக்க வேண்டும்.

உங்கள் விஷயத்தில் உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பழைய படிவத்தில் எழுதியதும் புதிய படிவத்தில் எழுதப் போவதும் முட்டிக்கொள்ளும் இடம் அது. 2023-ல் தோழியைப் பார்க்கப் போவதாகச் சொன்னீர்கள். இப்போது உறவு உண்மையானது என்று காட்ட 2022-லிருந்து பேசிய பதிவுகளைக் கொடுக்கப் போகிறீர்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அதிகாரிக்கு முதல் கேள்வி அங்கேதான் எழும். அதற்குப் பயந்து 2022-ஐ அழித்துவிட்டு 2025-லிருந்து மட்டும் காட்டினால், உங்களிடம் இருக்கும் வலுவான ஆதாரத்தையே நீங்கள் கிழித்துப் போடுவதாகும். அதோடு, நாளை தொலைபேசியில் நேர்காணல் வைத்து இருவரிடமும் "எப்போது அறிமுகம்?" என்று தனித்தனியாகக் கேட்டால் பதில் மாறும்.

ஆகவே முதல் வேலை, 2023-ல் உங்கள் பெயரில் என்ன எழுதிக் கொடுக்கப்பட்டது என்று தெரிந்துகொள்வது. ஏஜென்ட்டிடம் நகல் கேளுங்கள். தராவிட்டால் பிரிட்டன் உள்துறையிடம் உங்களைப் பற்றிய தகவலை நீங்களே கேட்டு வாங்கலாம். 'சப்ஜெக்ட் ஆக்சஸ் ரிக்வெஸ்ட்' என்பார்கள். கட்டணம் இல்லை, ஆன்லைனில் செய்யலாம், சாதாரணமாக ஒரு மாதத்துக்குள் வந்துவிடும். அதில் வேலை, சம்பளம், திருமண நிலை, பிரிட்டனில் தெரிந்தவர்கள், முந்தைய பயணங்கள் என்று ஒவ்வொரு பதிலையும் பாருங்கள். உங்களுக்கே தெரியாத பொய்கள் சில இருக்கக்கூடும். ஏஜென்ட் நிரப்பியிருந்தாலும் உறுதிமொழி உங்கள் பெயரில் போயிருப்பதால் பொறுப்பு உங்களுடையது. புதிய விண்ணப்பத்துக்கு உங்கள் சொந்த மின்னஞ்சலையே கொடுங்கள். ஏஜென்ட்டின் மின்னஞ்சலில் திறந்த கணக்கு அவர் கையில்தான் இருக்கும்.

பிறகு ஒரு விளக்கக் கடிதம். நீளம் வேண்டாம், ஒரு பக்கம் போதும். எந்தத் தேதியில் எந்த விசாவுக்கு விண்ணப்பித்தீர்கள், எந்தத் தேதியில் எந்த விதியின் கீழ் மறுக்கப்பட்டது, அதன் குறிப்பு எண் என்ன என்று தொடங்குங்கள். அடுத்து, தோழியைப் பார்க்கப் போவதாக எழுதியது முழு உண்மை அல்ல, இன்று கணவராக இருப்பவரைப் பார்ப்பதே நோக்கம், அப்போது வீட்டில் தெரிவிக்காததால் அப்படி எழுதப்பட்டது, அது தவறு என்று நேராகச் சொல்லுங்கள். 4 லட்சம் அப்பா கொடுத்தது என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள். ஏஜென்ட் மீது பழி போட்டு இரண்டு பத்தி எழுதுவதும், அன்றைய அதிகாரி அநியாயம் செய்தார் என்று வாதாடுவதும் வேண்டாம். மறுப்புக் கடிதத்தின் நகலையும் பழைய பாஸ்போர்ட்டின் நகலையும் சேர்த்து வையுங்கள். கேட்கப்படுவதற்கு முன்பு நீங்களே திருத்திச் சொன்ன தகவலுக்கும், அதிகாரி கண்டுபிடித்த தகவலுக்கும் இருக்கும் வித்தியாசம் மிகப் பெரியது. உங்கள் வழக்கில் பழைய தகவல் தவறு என்று நீங்களே ஒப்புக்கொள்வதால், இந்த ஒரு கடிதத்தை மட்டுமாவது அனுப்பும் முன் வழக்கறிஞரிடம் காட்டிவிடுவது நல்லது.

இனி கணவரின் வேலை. மறுப்பைப் பற்றியே கவலைப்படுகிறீர்கள். நான்கு மாதம் என்று நீங்கள் போகிறபோக்கில் எழுதியதைத்தான் நாங்கள் கவலையோடு படித்தோம். 2024 ஏப்ரல் 11 முதல் ஸ்பான்சருக்கு, அதாவது அங்கே இருக்கும் உங்கள் கணவருக்கு, தேவையான குறைந்தபட்ச ஆண்டு வருமானம் 29,000 பவுண்டு. 31,400 அதைத் தாண்டுகிறது. ஆனால் ஒரே முதலாளியிடம் ஆறு மாதம் முடிந்திருந்தால்தான் எளிய வழியான 'கேட்டகிரி ஏ' கிடைக்கும். ஆறு மாதத்துக்குக் குறைவென்றால் 'கேட்டகிரி பி': இப்போதைய சம்பளமும் 29,000-ஐத் தாண்ட வேண்டும், கடந்த 12 மாதத்தில் உண்மையாகக் கைக்கு வந்த மொத்தச் சம்பளமும் (வரி பிடிக்கும் முன்) 29,000-ஐத் தொட வேண்டும். வேலை மாறும்போது இடையில் ஒரு மாதம் சும்மா இருந்திருந்தாலே இந்தக் கணக்கு உதைக்கும். இரண்டு மாதம் பொறுத்திருங்கள். நீங்கள் உள்துறையிடம் தகவல் கேட்டு வாங்கவும் அந்த இரண்டு மாதம் சரியாக இருக்கும்.

மாதச் சம்பளக்காரர் என்றால் அந்த ஆறு மாதத்தில் எந்தச் சம்பள அளவு குறைவோ அதுதான் கணக்கு. சம்பளமில்லா விடுப்பு எடுக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். ஆறு சம்பளச் சீட்டு, அதே தொகை வரவாகும் ஆறு மாத வங்கி அறிக்கை, சம்பளம், வேலையின் தன்மை, எப்போதிலிருந்து என்பதைச் சொல்லும் முதலாளியின் கடிதம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். சீட்டில் ஒரு தொகையும் வங்கியில் வேறு தொகையும் இருந்தால் காரணத்தை எழுதுங்கள். கடைசி ஆவணம் விண்ணப்பிக்கும் நாளுக்கு 28 நாளுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. இந்தியாவில் உங்கள் சம்பளம் இதில் சேராது. வருமானமே காட்டாமல் சேமிப்பை மட்டும் காட்டுவதென்றால் 88,500 பவுண்டு ஆறு மாதம் கையில் இருந்திருக்க வேண்டும். பெரும்பாலோருக்கு எட்டாத தொகை.

திருமணப் பதிவுச் சான்றிதழ் இல்லாமல் போகாதீர்கள். தமிழில் உள்ள எந்த ஆவணத்துக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும்; அதில் மொழிபெயர்த்தவர் பெயர், கையொப்பம், தேதி, தொடர்பு விவரம், மொழிபெயர்ப்பு சரியானது என்ற உறுதி ஆகியவை இருக்க வேண்டும். நம் ஊர்ப் பெயர்களில் வரும் இன்ஷியல் சிக்கலையும் பாருங்கள்: பழைய பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் இன்ஷியலாகவும் புதியதில் விரித்தும் இருந்தால் அதற்கும் ஒரு வரி விளக்கம் தேவை. உறவுக்கு ஆதாரமாக ஆயிரம் பக்க வாட்ஸ்அப் உரையாடல் வேண்டாம். 2022 முதல் இன்று வரை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒன்றாகச் சில பக்கங்கள், அவர் ஊருக்கு வந்து போன பயணச் சீட்டு, நிச்சயதார்த்த, திருமணப் படங்கள் போதும். அவர் நண்பர்களோடு வீட்டைப் பகிர்ந்து வாழ்கிறார் என்றால், உங்கள் இருவருக்கும் மட்டுமான ஓர் அறையாவது உண்டு என்றும், நீங்கள் வந்து தங்க வீட்டு உரிமையாளருக்குச் சம்மதம் என்றும் கடிதம் வாங்குங்கள்.

ஆங்கிலவழிப் பட்டம் போன்ற விலக்கு இல்லையென்றால், ஆங்கிலத்தில் ஏ1 என்ற தொடக்கநிலை அளவுக்குப் பேசவும் கேட்டுப் புரிந்துகொள்ளவும் தெரியும் என்று, உள்துறை ஏற்கும் தேர்வு எழுதிக் காட்ட வேண்டும். ஐ.இ.எல்.டி.எஸ். லைஃப் ஸ்கில்ஸ் ஏ1 அவற்றில் ஒன்று. சாதாரண ஐ.இ.எல்.டி.எஸ். எழுதிவிட்டு வந்து தவிப்பவர்கள் உண்டு. பதிவு செய்யும்போது தேர்வின் பெயரைக் கவனியுங்கள். காசநோய்ப் பரிசோதனையை அங்கீகாரம் பெற்ற மையத்தில் மட்டும் எடுங்கள்; அந்தச் சான்றிதழ் ஆறு மாதம்தான் செல்லும் என்பதால் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

2025 ஏப்ரலில் விசாக் கட்டணம் 1,938 பவுண்டு என்று நிர்ணயிக்கப்பட்டது. 33 மாத விசாவுக்கு, அங்குள்ள அரசு மருத்துவச் சேவைக்காக முன்கூட்டியே கட்டும் மருத்துவக் கட்டணம் அப்போது 3,105 பவுண்டு. பணம் கட்டும் நாளில் அரசு இணையதளத்தில் ஒருமுறை சரிபாருங்கள். விசா மறுக்கப்பட்டால் மருத்துவக் கட்டணம் திரும்பி வரும், விசாக் கட்டணம் வராது.

மறுப்புக்குப் பிறகு இத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. இடையில் கணவரைப் பார்க்க இன்னொரு டூரிஸ்ட் விசா போடலாமே என்று தோன்றினால் விட்டுவிடுங்கள். கணவர் அங்கே இருக்கும்போது 'திரும்பி வருவேன்' என்பதை நம்ப வைப்பது முன்பைவிடக் கடினம். கிடைத்தாலும் அங்கிருந்தபடி ஸ்பௌஸ் விசாவுக்கு மாற முடியாது. மறுத்தால் எழுத வேண்டிய மறுப்புகள் இரண்டாகும். அவரை இங்கே வரச் சொல்லுங்கள், ஆனால் சம்பளம் பிடிக்காத விடுப்பில்.

ஒருவேளை ஸ்பௌஸ் விசாவும் மறுக்கப்பட்டால், விசிட்டர் விசாவில் இல்லாத ஒன்று இதில் உண்டு: மனித உரிமை அடிப்படையில் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். இந்தியாவில் இருந்து செய்ய முடிவு வந்த நாளிலிருந்து 28 நாள் அவகாசம். அந்தக் கடிதம் வந்த அன்றே வழக்கறிஞரிடம் கொடுத்துவிடுங்கள்.